முழக்கத்தில் உள்ள பெருஞ்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? சேலத்து வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை சுவர்களைப் படித்துக்கொண்டே போனால், தேர்தல் மாதத்தில் ஏழெட்டுச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: நீதி, உரிமை, மானம், வளர்ச்சி, மாற்றம், நேர்மை, பண்பாடு. கொடி மாறும், முகம் மாறும், சொல் மாறாது. இவற்றை இங்கே பெருஞ்சொல் என்று அழைப்போம். கேட்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு முழக்கத்தில் எவ்வளவு வாக்குறுதி, எவ்வளவு வெற்றிடம் என்று பிரித்தெடுக்கும் படிகள் கீழே உள்ளன. கல்லூரி மாணவர்கள், வாசகர் வட்டம், மகளிர் குழு, முதல்முறை வாக்காளர் என யாரும் செய்யலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள்: மூன்று முதல் ஐந்து பேர். எல்லோரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களாக இருந்தால் பயனில்லை. தனியாக ஒருவரே செய்தால் நான்காம் படி வேலை செய்யாது.

நோட்டு: ஒரு முழக்கத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் முழக்கத்துக்கும் அதன் பொருளுக்கும், வலப்பக்கம் ஐந்தாம் படியில் வரும் ஐந்து கட்டங்களுக்கும்.

முழக்கங்கள்: குறைந்தது மூன்று கட்சிகளிலிருந்து எட்டு. அதில் குறைந்தது மூன்று உங்களுக்குப் பிடித்த கட்சியுடையவையாக இருக்கட்டும். வேலையையும் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். பிடிக்காத கட்சியின் வெற்றுச் சொல் தானாகவே கண்ணில் படும், அதற்கு முறை எதுவும் தேவையில்லை. பிடித்த கட்சியின் சொல்லில்தான் கண் வழுக்கும்.

ஆவணங்கள்: அந்தந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கை, தமிழக அரசின் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது (தன் செலவுக்குப் பணம் கேட்கும்போது) சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம். மூன்றும் இணையத்தில் கிடைக்கும். வழக்கு, சொத்து, கடன் விவரங்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் இருப்பதால், ‘நேர்மை’, ‘ஊழலற்ற’ போன்ற சொற்கள் வரும்போது மட்டும் அதை எடுத்தால் போதும்.

தொகுதி: எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த மக்களவைத் தொகுதி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. மலைமேல் இருப்பவர் சேலம் மக்களவை வேட்பாளரின் நோட்டீஸை வைத்து அரை நாள் உழைத்தால் அந்த உழைப்பு வீண். மேட்டூர்க்காரர்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுடையது தருமபுரி மக்களவைத் தொகுதி.

நேரம்: ஒரு முழக்கத்துக்கு 25 நிமிடம். ஒரே அமர்வில் நான்குக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதில் எல்லாமே வெறும் பேச்சு என்ற சலிப்பு வந்துவிடும். அந்தச் சலிப்போடு எழுதும் எந்தக் குறிப்பும் நம்பத் தகாதது.

1. முழக்கத்தை எழுத்து மாறாமல் எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதக் கூடாது. சுவர், நோட்டீஸ், ஒலிபெருக்கி ஆட்டோ, எதில் பார்த்தீர்களோ கேட்டீர்களோ அதில் இருந்தபடியே, விகுதி, கால்புள்ளி, ஆச்சரியக்குறியோடு எழுதுங்கள். எங்கே, எந்தத் தேதியில் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

நோட்டீஸ் என்றால் அடியில் பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 127அ பிரிவுப்படி, தேர்தல் நோட்டீஸிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அவை இல்லாத தாளை ஒரு கட்சியின் வாக்காகக் கணக்கில் எடுக்க வேண்டாம். எதிரணி அச்சடித்துவிட்ட தாளாகக்கூட இருக்கலாம்.

எழுத்து மாறாமல் எழுதச் சொல்வதற்குக் காரணம், தமிழில் பாதி விஷயம் விகுதியில் ஒளிந்திருக்கிறது. ‘காப்போம்’, ‘மீட்போம்’, ‘வெல்வோம்’ என்று முடியும் முழக்கங்களைப் பாருங்கள். ‘மக்களைக் காப்போம், தமிழகத்தை மீட்போம்’ என்பது அ.தி.மு.க.வின் 2025 பிரசாரம். ‘வன்முறை தவிர்த்து வறுமையை வெல்வோம்’ என்பது தி.மு.க.வின் ஐம்பெரும் முழக்கங்களில் ஒன்று. பேசும்போது நாம், நாங்கள் என்று தெளிவாகப் பிரிக்கிற மொழி நம்முடையது. வினைமுற்றில் அந்தப் பிரிவு மறைந்துவிடுகிறது. காப்பது யார்? கேட்பவரையும் சேர்த்து நாமா, மேடையில் நிற்கும் நாங்களா? ‘நாம்’ என்றால் வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு, நடக்காவிட்டால் பழியிலும் பங்கு உண்டு. ‘நாங்கள்’ என்றால் பொறுப்பு முழுக்க அவர்களுடையது. விகுதிக்குப் பக்கத்தில் ‘நாம்?’, ‘நாங்கள்?’ என்று இரண்டையும் எழுதிவையுங்கள். தேர்தல் அறிக்கையைப் புரட்டினால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

‘மீட்போம்’ என்ற சொல்லில் இன்னொரு விடுபாடும் உண்டு. யாரிடமிருந்து, எந்த ஆண்டின் நிலைக்கு? மீட்டல் என்றாலே பழைய நல்ல நிலை ஒன்று இருந்ததாகப் பொருள். அந்த ஆண்டைக் கேட்டால் பதில் மாறி மாறி வரும்.

வினையே இல்லாத முழக்கங்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். அ.தி.மு.க.வின் ‘அமைதி, வளம், வளர்ச்சி’, பா.ம.க.வின் 2016 முழக்கமான ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’, தி.மு.க.வின் ‘எல்லோருக்கும் எல்லாம்’, பா.ஜ.க.வின் ‘சப்கா சாத், சப்கா விகாஸ்’ (எல்லோருடனும், எல்லோருக்கும் வளர்ச்சி) எல்லாம் இந்த வகை. வினை இல்லாததால் செய்பவரும் இல்லை, காலமும் இல்லை. காங்கிரஸின் 1971 முழக்கமான ‘கரீபி ஹட்டாவோ’வில் வினை உண்டு, ஆனால் அது ஏவல்: வறுமையை விரட்டு. யாரைப் பார்த்து ஏவுகிறது என்பது திறந்தே கிடக்கிறது.

இங்கே நடக்கும் பிழை: முழக்கத்தைச் சுருக்கி எழுதுவது. ‘வறுமை ஒழிப்பு’ என்று எழுதிவிட்டால் ஏவலும் போச்சு, விகுதியும் போச்சு, ஆராய எதுவும் மிஞ்சாது.

2. சொற்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்

பொருள், செயல், பெருஞ்சொல். ஏரி, பேருந்து, பட்டா, மருத்துவமனை ஆகியவை பொருள். கட்டுதல், தள்ளுபடி, நிரப்புதல் ஆகியவை செயல். எண்ணவோ தொடவோ முடியாதது பெருஞ்சொல்.

எல்லையில் நிற்கும் சொற்கள் குழப்பும். ‘நல்லாட்சி’யில் ஆட்சி என்பது செயல், ஆனால் ‘நல்ல’ முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை நல்ல, ஆட்சி என்று பிரித்து எழுதி, ‘நல்ல’வைப் பெருஞ்சொல் பக்கம் போடுங்கள். ‘விடியல்’, ‘வெளிச்சம்’, ‘இருள்’ போன்ற உருவகங்களும் அங்கேயேதான். இந்தப் படிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

3. எதிர்ச்சொல்லைச் சுவரில் எழுதிப் பாருங்கள்

பெருஞ்சொல்லுக்கு எதிரானதைச் சொல்லி, எந்தக் கட்சியாவது அதைத் தன் முழக்கமாக வைத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். ‘அநீதி’யை எந்தக் கட்சியும் எழுதாது. ‘பின்னடைவு’ என்று யாரும் ஓட்டுக் கேட்க மாட்டார்கள். அப்படியானால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஒரு கட்சியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது.

மாறாக, ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்பதற்கு எதிரான நிலைப்பாடு உண்மையிலேயே உண்டு. வலுவான மத்திய அரசு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருமொழிக் கொள்கைக்கு எதிரே மும்மொழிக் கொள்கை நிற்கிறது. மதுவிலக்கும் அப்படித்தான், 1937 அக்டோபர் 1-ல் அன்றைய சேலம் மாவட்டத்தில் அது அமலானபோது கடை இருக்கிறதா இல்லையா என்று யாரும் போய்ப் பார்த்துவிட முடிந்தது. இப்படிப்பட்ட சொற்களுக்கு நான்காம் படி தேவையில்லை, நேரே ஐந்துக்குப் போகலாம்.

சட்டமே பொதுவாக்கிவிட்ட சொற்கள் சில உண்டு. அதே 1951 சட்டத்தின் 29அ பிரிவின் 5-வது உட்பிரிவுப்படி, பதிவு பெற விரும்பும் ஒவ்வொரு கட்சியும் சோசலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கொள்கைகளுக்கு உண்மையாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுத வேண்டும். பதிவு பெற்ற எல்லாக் கட்சிகளும் இதில் கையெழுத்திட்டவைதான். ஆகவே ‘நாங்கள் மதச்சார்பற்றவர்கள்’ என்ற வாசகம் மட்டும் உங்களுக்குப் புதிய தகவல் எதையும் தராது. எந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள், எதை எதிர்த்தார்கள் என்பதுதான் தகவல்.

இங்கே நடக்கும் பிழை: எதிர்ச்சொல் சோதனையில் தோற்ற சொல்லைப் பொய் என்று முடிவு கட்டுவது. அது பொய்யில்லை, இன்னும் நிரப்பப்படாத சொல், அவ்வளவுதான். லட்சக்கணக்கான பேரை ஒரே கொடியின் கீழ்ச் சேர்க்க வேண்டிய கட்சிக்குப் பொதுச் சொல் இல்லாமல் முடியாது. அதை நிரப்பித் தருகிறார்களா என்று கேட்பது நம் வேலை.

4. சொல்லுக்கு நீங்கள் கொள்ளும் அர்த்தத்தை முதலில் எழுதுங்கள், தனித்தனியாக

தேர்தல் அறிக்கையை இன்னும் திறக்காதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தாளில், மற்றவருக்குக் காட்டாமல், ‘இந்தச் சொல் நிறைவேறினால் எங்கள் வீட்டில், எங்கள் தெருவில் என்ன மாறும்?’ என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஐந்து நிமிடம். பிறகு தாள்களைச் சேர்த்து உரக்கப் படியுங்கள்.

‘வளர்ச்சி’யை எடுத்துக்கொண்டால், அம்மாபேட்டையில் தறி வைத்திருப்பவருக்கு அது நூல் விலை குறைவதாக இருக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரருக்கு வரி. இரும்பாலைத் தொழிலாளிக்கு ஆலை அரசின் கையிலேயே நீடிப்பது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு நாள்கூலி உயர்வு. அதே ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவருக்கு வார இறுதியில் வண்டி நெரிசல் இல்லாத மலைப்பாதை. எல்லோரும் ஒரே கூட்டத்தில் ஒரே சொல்லுக்குக் கைதட்டியிருப்பார்கள்.

இதை அறிக்கைக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைவரின் விளக்கத்தை முதலில் கேட்டுவிட்டால், ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் சட்டென்று ஒத்துப்போய்விடும். பிறகு உங்கள் சொந்த எதிர்பார்ப்பு எது என்பதே மறந்துபோகும். எழுதிவைத்த தாள் ஒத்துப்போகாது.

இந்த வேலை முழுவதிலும் மிகப் பெரிய பிழை இந்தப் படியைத் தவிர்ப்பதுதான். வெற்றிடத்தைக் கட்சி நிரப்பாது, எதிர்க்கட்சியும் நிரப்பாது. நம் ஆசைதான் நிரப்பும். ஐந்து ஆண்டு கழித்து ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லும்போது, அவர்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

5. ஐந்து கட்டங்களை நிரப்புங்கள்

இப்போது தேர்தல் அறிக்கையைத் திறக்கலாம். வலப்பக்கத்தில் ஐந்து கட்டங்கள்: யாருக்கு, எது, எவ்வளவு, எப்போதுக்குள், யார் செலவில். அறிக்கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ஊகத்தை எழுதாதீர்கள். இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள், கட்டத்தைச் சும்மா விடாதீர்கள். சும்மா விட்ட கட்டத்தை அடுத்த வாரம் பார்க்கும் ஆள் தன் ஊகத்தால் நிரப்பிவிடுவார்.

2021 சட்டமன்றத் தேர்தலை வைத்துப் பழகலாம். தி.மு.க. அறிக்கை குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை என்றது. அ.தி.மு.க. அறிக்கை குலவிளக்குத் திட்டம் என்ற பெயரில் மாதம் 1,500 ரூபாய் என்றது. இரண்டிலும் ‘எது’, ‘எவ்வளவு’ ஆகிய கட்டங்கள் நிரம்பிவிட்டன. பெயரில் இருக்கும் பெருஞ்சொற்களைக் கவனியுங்கள். ‘உரிமை’ என்றால் கேட்டுப் பெறக்கூடியது, மறுத்தால் மேல்முறையீடு செய்யக்கூடியது. ‘குலவிளக்கு’ என்றால் பெண்ணுக்குக் குடும்பத்தில் ஒரு இடம் தந்து பாராட்டுவது. கையில் வருவது பணம்தான், ஆனால் அதை வாங்கும் பெண் யார் என்பதில் இரண்டு பெயர்களும் இரு வேறு பார்வை கொண்டவை. இந்த வேறுபாட்டைத் தனி வரியில் எழுதிவையுங்கள். பெருஞ்சொல் உண்மையான தகவல் தரும் அரிய இடம் இது.

‘யாருக்கு’ கட்டம் எப்படிச் சுருங்கும் என்பதையும் இதே எடுத்துக்காட்டில் பார்க்கலாம். உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது நிபந்தனைகள் வந்தன: வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். நிபந்தனை வைப்பது தவறில்லை, பணம் அளவோடுதான் இருக்கும். ஆனால் அறிக்கையைப் படிக்கும் நாளிலேயே ‘எல்லாக் குடும்பத் தலைவிகளுமா?’ என்று எழுதிவைத்தவர் அன்று அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்.

கட்டங்கள் நன்றாக நிரம்பும் வாக்குறுதி எப்படி இருக்கும்? மேட்டூர் உபரிநீர்த் திட்டத்தைப் பாருங்கள். சேலம் மாவட்டத்தின் வறண்ட 100 ஏரிகளுக்கு, மேட்டூர் அணையின் உபரி நீர், 565 கோடி ரூபாயில். ஏரிகளை எண்ணலாம், பெயர்ப்பட்டியல் கேட்கலாம். ஆனாலும் ‘உபரி’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். அணையின் முழு மட்டம் 120 அடி. அது நிரம்பி வழியாத ஆண்டில் குழாய் இருக்கும், நீர் இருக்காது. ‘விவசாயிகளின் தாகம் தீர்ப்போம்’ என்று சுவரில் எழுதினால் இந்த நிபந்தனை தெரியவே தெரியாது.

‘யார் செலவில்’ என்ற கட்டம்தான் எப்போதும் காலியாகக் கிடக்கும். சும்மா கேட்கிற கேள்வியில்லை இது. தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சி வழக்கில் 2013 ஜூலை 5-ல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பையொட்டித் தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. வாக்குறுதியின் பின்னுள்ள காரணத்தையும், அதற்கான பணம் வரும் வழியைப் பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்பதையும் அவை கேட்கின்றன. ஆகவே இந்தக் கட்டத்துக்குப் பதில் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

‘எல்லோருக்கும்’, ‘சப்கா’, ‘அனைவருக்கும்’ என்று தொடங்கும் முழக்கங்களுக்கு ஆறாவது கட்டம் ஒன்று போடுங்கள்: முதலில் யாருக்கு? எல்லோருக்கும் தரும்போதும் வரிசை ஒன்று இருக்கத்தான் செய்யும்.

6. இரண்டு பெருஞ்சொற்களை மோதவிடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி. ஒரு பெருஞ்சொல் தனியாக நிற்கும்போது அதன் எடை தெரியாது. இரண்டு நல்லவை மோதும்போது எதை விட்டுக்கொடுப்பார்கள் என்பதில்தான் ஒரு கட்சியின் உண்மையான மதிப்பு வரிசை தெரியும்.

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை இதற்கு நம் வாசலிலேயே கிடைத்த எடுத்துக்காட்டு. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியாக. ஆதரித்தவர்கள் ‘வளர்ச்சி’ என்றார்கள். எதிர்த்தவர்கள் ‘விவசாயிகளின் வாழ்வுரிமை’, ‘மண்’, ‘இயற்கை’ என்றார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றி, அரசு புதிதாக நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. எந்தக் கட்சியின் முழக்கப் பட்டியலிலும் வளர்ச்சியும் இருக்கும், விவசாயி நலனும் இருக்கும். ஆகவே கேள்வி இப்படி அமைய வேண்டும்: சந்தை விலைக்கு மேல் கொடுத்தாலும் நிலம் தர மறுக்கும் விவசாயியிடம் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு ‘இரண்டையும் காப்போம்’ என்று பதில் வந்தால், பதில் வரவில்லை என்றே எழுதுங்கள்.

‘நியாயமான விலை’ என்பது இன்னும் நுணுக்கமானது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை மாவுச்சத்தின் அளவைப் பார்த்து, பாயிண்ட் கணக்கில் விலை வைத்து ஆலைக்காரர்கள் வாங்குகிறார்கள். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பு. அங்கே நியாயமான விலை என்றால் ஜவ்வரிசி மூட்டைக்கு. கிழங்கு விவசாயிக்கு நியாயமான விலை என்றால் பாயிண்ட்டுக்கு. ஜவ்வரிசி விலை அசையாமல் கிழங்கு விலை மட்டும் ஏறினால் ஒருவருக்கு நியாயம், இன்னொருவருக்கு நட்டம். ‘மரவள்ளிக்கு நியாயமான விலை’ என்று ஆத்தூர்ப் பக்கம் பேசிவிட்டு, ஆலை அதிபர்கள் கூட்டத்தில் ‘தொழிலைக் காப்போம்’ என்று பேசினால், இரண்டு நோட்டீஸையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது மோதல் ஒரே சொல்லுக்குள் நடப்பது: ‘சமூக நீதி’. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் எண் கொடுத்திருக்கிறது: 69 சதவீதம். அதன் இன்றைய பகிர்வு பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18 (அதில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3), பழங்குடியினருக்கு 1. ஏற்காட்டின் மலையாளிப் பழங்குடி மக்கள் இந்தக் கடைசி ஒன்றுக்குள் வருகிறார்கள். 2021-ல் அந்த 20-க்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, கேட்டவர்கள் சொன்னதும் சமூக நீதி, எதிர்த்த மற்ற சமூகத்தார் சொன்னதும் சமூக நீதி. 2022 மார்ச் 31-ல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்று உறுதிசெய்தது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீதத்திலும் இதே கதைதான். அதைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 103-வது திருத்தத்தை உச்சநீதிமன்றத்தில் ஐந்தில் மூன்று நீதிபதிகள் ஏற்றார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். ஆகவே இந்தச் சொல் வரும்போது ‘சமூக நீதியை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பங்கு, எவ்வளவிலிருந்து எவ்வளவாக மாற வேண்டும் என்று கேளுங்கள்.

இங்கே நடக்கும் பிழை: குழுவுக்குள் யார் சரி என்று விவாதம் தொடங்கிவிடுவது. எட்டு வழிச் சாலை என்றதும் அரை மணி நேரம் போய்விடும். உங்கள் நிலைப்பாட்டை அல்ல, கட்சியின் வரிசையைத்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருவர் நினைவூட்டிக்கொண்டே இருக்கட்டும்.

7. சொல் சட்டமாகவோ பணமாகவோ மாறிய இடத்தைத் தேடுங்கள்

பெருஞ்சொல் எல்லாம் காற்றோடு போய்விடுவதில்லை. ‘சுயமரியாதை’ என்ற சொல் 1967-ல் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் 7அ பிரிவாக மாறியது. புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்யும் திருமணம் செல்லும். அந்தச் சொல்லை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அதன் பொருள் என்ன என்று இனி யாரும் குழம்ப வேண்டியதில்லை.

ஒவ்வொரு பெருஞ்சொல்லுக்கும் இப்படி ஒரு இடத்தைத் தேடுங்கள்: சட்டப் பிரிவு, அரசாணை எண், அல்லது நிதி ஒதுக்கீடு. கொள்கை விளக்கக் குறிப்பில் முன்னுரையை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போங்கள். முன்னுரையில் மீண்டும் பெருஞ்சொற்கள்தான் இருக்கும், அட்டவணையில் எண்கள் இருக்கும். ஒதுக்கீடு, செலவு இரண்டும் கொடுத்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒதுக்கியது மட்டும் போதாது.

‘பழங்குடி உரிமை காப்போம்’ என்பதை எடுத்தால் தேட வேண்டியது வன உரிமைச் சட்டம் 2006. தனிநபர் உரிமைக்கு உச்சவரம்பு 4 எக்டேர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்க வேண்டும், மனுவை முதலில் பரிசீலிப்பது கிராமசபை. அப்படியானால் அந்த முழக்கம் மூன்று எண்களாகச் சுருங்குகிறது: ஏற்காடு வட்டத்தில் எத்தனை மனு, எத்தனை ஏற்பு, எத்தனை தள்ளுபடி.

எண் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. புதியவர்களின் மனு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஏன் வளர்ச்சி இல்லை?’ என்று கேட்டுவிடுகிறார்கள். ஆவணத்தில் இருப்பதை மட்டுமே அலுவலர் தர முடியும். ‘100 ஏரிகளில் எவற்றுக்கு நீர் விடப்பட்டது, ஆண்டு வாரியாகப் பட்டியல் தரவும்’ என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

8. ‘இல்லை’ என்று எழுதிய கட்டத்தைக் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள்

ஒரு வேட்பாளருக்கு ஒரே கேள்வி. நோட்டிலிருந்து மூன்று கேள்விகளை அடுக்கினால் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வண்டி நகர்ந்துவிடும். முதலில் அவர்களின் சொல்லை அப்படியே சொல்லி, பிறகு காலிக் கட்டத்தைக் கேளுங்கள்:

“ஐயா, மரவள்ளிக்கு நியாயமான விலைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. பாயிண்ட்டுக்கு எவ்வளவுங்க? ஆலைக்காரங்க ஒத்துக்கலைன்னா அந்த வித்தியாசத்தை யாருங்க தருவாங்க?”

“அம்மா, மலை மக்களோட உரிமையைக் காப்போம்னு சொல்றீங்க. வன உரிமைப் பட்டா நிலுவையில இருக்குதுங்களே, எப்போதைக்குள்ள முடிச்சுத் தருவீங்க?”

‘நீங்கள் நேர்மையானவரா?’, ‘வளர்ச்சி தருவீர்களா?’ போன்ற கேள்விகள் வேண்டாம். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே வராத கேள்விகள் அவை. கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்பதும் வேண்டாம். கேமராவைக் கண்டால் உங்களுக்குப் பதில் சொல்லாமல் ஊருக்குப் பேசத் தொடங்கிவிடுவார்கள். காதில் வாங்கி, கூட்டத்தை விட்டு வந்ததும் எழுதுங்கள்.

வேட்பாளரை நெருங்க முடியாவிட்டால் வட்டச் செயலாளரிடமோ வாக்குச்சாவடி முகவரிடமோ கேட்கலாம். அவர்கள் கூச்சமின்றி, ‘அதெல்லாம் தலைமை பார்த்துக்கும்’ என்று சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு பதில்.

தேர்தல் இல்லாத காலத்தில் கிராமசபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்மொழிப் பதிலுக்கும் புத்தகத்தில் ஏறிய பதிலுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாளில் கிராமசபை நடக்காமல் போகலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

9. பதிலை வகைப்படுத்திக் குறியுங்கள்

நான்கு குறிகள் போதும். எண்ணோ தேதியோ வந்தால் ‘எ’. வேறொரு பெருஞ்சொல் பதிலாக வந்தால் ‘பெ’. எதிர்க்கட்சியைத் திட்டினால் ‘தி’. ‘பரிசீலிப்போம்’ என்றால் ‘ப’. ‘பெ’யைப் பிடிப்பதுதான் கடினம். ‘வளர்ச்சி என்றால் என்ன?’ என்று கேட்டால் ‘கடைக்கோடி மனிதனுக்கும் நீதி கிடைப்பது’ என்று பதில் வரும். கேட்க நிறைவாக இருக்கும், நோட்டில் ஒரு கட்டமும் நிரம்பியிருக்காது.

ஒவ்வொரு குறியையும் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி என்ற சார்பு உள்ளே நுழைந்திருக்கலாம். அந்தப் பதிலைக் கட்சிப் பெயர் இல்லாமல் மூன்றாவது ஆளிடம் படித்துக் காட்டி, அவர் சொல்லும் குறியை வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ்களைத் தேர்தல் முடிந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டாம். தேதி, இடம் எழுதி ஒரு உறையில் வையுங்கள். கூட்டணி மாறும்போது முதலில் மாறுவது சுவரில் உள்ள சொல்தான். பழைய சுவரை வெள்ளையடித்துவிடுவார்கள். அடுத்த தேர்தலில் முதல் படியைத் தொடங்கும்போது, பழைய முழக்கத்தைப் புதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட உங்களிடம் இருப்பது அந்த உறை மட்டும்தான்.